லேமினேட் தரைக்கு லோன் எதுக்கு? ஒரு கை ரம்பம் போதும்



தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ரீசேல் ஃப்ளாட் வாங்கினவங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், ஃப்ளாட் வாங்கியாச்சு, ஹோம் லோன் ஓடுது. தரை மட்டும் பழைய மொசைக். லேமினேட் ஃப்ளோரிங் போடலாம்னு பார்த்தா கொட்டேஷன் தொண்ணூறாயிரம் வருது. பர்சனல் லோன் போடலாமா, கார்டுல இ.எம்.ஐ.யா மாத்திக்கலாமா?"

ரெண்டுமே வேண்டாம்ங்கிறதுதான் என் பதில். ஒரு கை ரம்பம் வாங்குங்க. ஒரு பெட்ரூமை மட்டும் கைக்காசு போட்டு நீங்களே போடுங்க. மிச்ச ரூமை அப்புறம் பார்க்கலாம்.

ஆடிட்டர்கிட்ட லோன் பத்திக் கேட்டா ரம்பத்தைப் பத்திப் பேசுறாரேன்னு தோணும். ஆனா இது முழுக்க முழுக்கக் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம். கணக்கை முதல்ல பார்த்துடுவோம், அப்புறம் ரம்பத்துக்கு வருவோம்.

கூலி எவ்வளவு, வட்டி எவ்வளவு?

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ரேட் கடைக்குக் கடை, பிராண்டுக்கு பிராண்ட் மாறும். உங்க கொட்டேஷனை எடுத்து இதே மாதிரி பிரிச்சுப் போட்டுப் பாருங்க.

ரெண்டு பெட்ரூம், ஹால் சேர்த்து 600 சதுர அடி. சதுர அடிக்கு எல்லாம் சேர்த்து 150 ரூபாய். மொத்தம் 90,000. இதுல பலகை, அடியில போடுற ஃபோம் ஷீட், ஓரத்துல ஒட்டுற ஸ்கர்ட்டிங், வேஸ்டேஜ் எல்லாம் சேர்த்து 125 ரூபாய்னு வச்சுக்கலாம். மிச்சம் 25 ரூபாய் கூலி. அப்படின்னா மெட்டீரியல் 75,000, கூலி 15,000.

இந்த 90,000-ஐ 14 சதவீத வட்டியில 24 மாசத்துக்கு பர்சனல் லோனா எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 4,321 ரூபாய். ரெண்டு வருஷத்துல கட்டுறது சுமார் 1,03,700. வட்டி மட்டும் 13,700. இதுக்கு மேல 2 சதவீதம் பிராசஸிங் ஃபீஸ்னா 1,800, அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 324. மொத்தம் 15,800-ஐத் தாண்டுது.

இப்போ ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. வீட்டுக்கு வந்து, முட்டி போட்டு, மூணு நாலு நாள் வேலை செஞ்சு, 600 சதுர அடிக்கும் பலகை போட்டுக் கொடுக்கிறவங்களுக்கு 15,000. ஒரு கையெழுத்து வாங்கிக்கிட்டு பணத்தை அனுப்புறவங்களுக்கு 15,800. கொட்டேஷன் வந்த உடனே நாம பேரம் பேசுறது யார்கிட்ட? ஆசாரிகிட்ட. "அண்ணே, 25 ரூபா ஜாஸ்தி, 20-க்கு முடிச்சுக் கொடுங்க"ன்னு. பேங்க் கொடுத்த லோன் பேப்பர்ல அதைவிட அதிகமா இருக்கிற செலவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கிறதில்ல.

"சார், நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கே?"ன்னு கேட்பீங்க. பூஜ்ய சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்கிறதை 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கையா அனுப்பிடுச்சு. வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். ஒண்ணு, மொத்தமா பணம் கொடுத்திருந்தா கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடியில இருக்கும், இல்லைன்னா பிராசஸிங் ஃபீஸ்ல இருக்கும். கார்டு இ.எம்.ஐ.ன்னா வட்டிப் பகுதிக்கு மாசா மாசம் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும்.

அதே 4,321 ரூபாயை இன்னொரு விதமா செலவு பண்ணலாம்

ரெண்டு வருஷம் மாசம் 4,321 கட்ட முடியும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. நல்லது. அதே பணத்தை லோன் இல்லாம மாசா மாசம் ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்லயோ ஆர்.டி.யிலயோ போடுங்க.

10-க்கு 11 அடி பெட்ரூம் ஒண்ணு 110 சதுர அடி. மெட்டீரியல் 13,750. ரம்பம், மூலமட்டம், ரப்பர் சுத்தியல், மாஸ்கிங் டேப் மாதிரி சாமான்களுக்கு 1,500 வச்சுக்கலாம். மொத்தம் 15,250. நாலாவது மாசத்துல கையில காசு ரெடி. ஒரு ரூம் முடிஞ்சது. கடன் பூஜ்யம்.

இப்படியே ரூம் ரூமா போனா, வீடு முழுக்கவும் மெட்டீரியலுக்கு 75,000, சாமானுக்கு 1,500. 18-வது மாசம் எல்லாம் முடிஞ்சிடும். லோன் போட்டிருந்தா அப்போ இன்னும் ஆறு இ.எம்.ஐ. பாக்கி இருக்கும்.

இதைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, அது எக்ஸெல் ஷீட்ல வராது. முதல் ரூம் போட்டு ரெண்டு மாசம் அதுல நடந்து, பெருக்கி, துடைச்சுப் பார்த்த பிறகுதான் ஹாலுக்கும் இது வேணுமான்னு உங்களுக்கே தெரியும். "ஹாலுக்கு மொசைக்கே போதும், ஒரு பாலிஷ் போட்டுக்கலாம்"னு நிறைய பேர் முடிவு பண்ணுவீங்க. அந்த முடிவை எடுக்கிற உரிமை ரூம் ரூமா போறவங்களுக்கு இருக்கு. மொத்தமா லோன் எடுத்தவங்களுக்கு அது முதல் நாளே போயிடுது. சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு நம்ம பெரியவங்க சொன்னது வீட்டுக்கு மட்டும் இல்ல, வீட்டுத் தரைக்கும் பொருந்தும்.

நேர்மையா இன்னொண்ணையும் சொல்லணும். ஒரு ரூமுக்கு கூலியில மிச்சமாகுறது 2,750 ரூபாய்தான். அதுல சாமானுக்கு 1,500 போயிடும். முதல் ரூம்ல உண்மையான மிச்சம் 1,250. "நானே செஞ்சேன், லட்சக்கணக்குல மிச்சம்"னு தலைப்பு வைக்கிற வீடியோவை நம்பாதீங்க. கை ரம்பம் மிச்சம் பண்றது கூலியை இல்ல. சின்னதா ஆரம்பிக்க முடியுதே, அதனால வட்டி மிச்சமாகுது.

"என் ஒரு மணி நேரத்தோட மதிப்பு என்ன தெரியுமா?"

இதுக்கு வழக்கமா வர்ற எதிர்வாதம் இது. பல பர்சனல் ஃபைனான்ஸ் வீடியோவுல கேட்டிருப்பீங்க. சம்பளத்தை மணி நேரத்தால வகுங்க, அதைவிடக் குறைவான கூலிக்கு ஆள் கிடைச்சா அந்த வேலையை நீங்க செய்யாதீங்கன்னு சொல்வாங்க.

போட்டுப் பார்க்கலாம். மாசம் 60,000 சம்பளம், 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம். மணிக்கு சுமார் 303 ரூபாய் வருது. புதுசா செய்றவருக்கு ஒரு ரூம் முடிக்க சனி, ஞாயிறு சேர்த்து 12 மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க. 3,636 ரூபாய். மிச்சமாகுற கூலி 2,750. அந்த ஃபார்முலாபடி ஆள் வைக்கிறதுதான் லாபம்.

ஃபார்முலா சரி. அதை சம்பளக்காரர் மேல போட்டதுதான் தப்பு. ஒரு டாக்டர் ஞாயித்துக்கிழமை கிளினிக் திறந்தா காசு வரும். ஃப்ரீலான்சர் லேப்டாப் திறந்தா காசு வரும். மெப்ஸ்லயோ ஓ.எம்.ஆர்.லயோ மாசச் சம்பளத்துக்கு வேலை செய்ற உங்களுக்கு ஞாயித்துக்கிழமைக்கு யாரும் 303 ரூபாய் தர்றதில்ல. இல்லாத வருமானத்தை இழந்ததா கணக்கு எழுத முடியாது. எந்த ஆடிட்டரும் அதுல கையெழுத்துப் போட மாட்டார்.

அதுக்காக உங்க ஞாயித்துக்கிழமைக்கு மதிப்பே இல்லைன்னு சொல்ல வரல. அந்த மதிப்பு சம்பளச் சீட்டுல இல்ல, அவ்வளவுதான். வீட்டுல கைக்குழந்தை இருக்கு, பரீட்சைக்குப் படிக்கிறீங்க, முதுகு வலி இருக்குன்னா ஆளை வச்சுச் செய்ங்க. அது நியாயமான செலவு. "என் டைம் விலை அதிகம்"ங்கிற பேச்சுக்காக மட்டும் ஆள் வைக்காதீங்க.

வரிக் கணக்கும் இதுல உங்க பக்கம்தான். நீங்க கூலியா கொடுக்கிற பணம் வரி கட்டின பிறகு கையில மிஞ்சினது. 30 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவர், செஸ் சேர்த்து 31.2 சதவீதம் போக, 2,750 கொடுக்கணும்னா சுமார் 4,000 சம்பாதிக்கணும். புது ரெஜிம்ல வருஷம் 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்குறவருக்கு, 2025-26 நிதியாண்டுல இருந்து வரி இல்லாததால, ரூபாய்க்கு ரூபாய் அப்படியே கணக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவான ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுல நீங்களே செய்ற வேலைக்கு எந்த அரசாங்கமும் வரி போடுறதில்ல.

சரி, மெஷின் இல்லாம வெட்ட முடியுமா?

முடியும். இந்தப் பலகையே வீட்டுல இருக்கிறவங்க தானே போட்டுக்கிற மாதிரி வளர்ந்து வந்த பொருள். 1970-களின் கடைசியில ஸ்வீடன்ல பெர்ஸ்டார்ப் கம்பெனி லேமினேட் தரையைக் கொண்டுவந்தப்போ பலகைகளை பசை போட்டு ஒட்டணும். 1990-களின் பின்பாதியில ஸ்வீடனோட வேலிங்கே, பெல்ஜியத்தோட யூனிலின் ரெண்டும் பசையே இல்லாத கிளிக் லாக் முறையைக் கொண்டுவந்தாங்க. அதுக்கு அப்புறம் பலகையைப் பொருத்துறது கஷ்டமில்ல. கஷ்டம்னு ஒண்ணு இருந்தா அது வெட்டுறது மட்டும்தான்.

எத்தனை வெட்டுன்னு எண்ணிப் பாருங்க. பலகை பொதுவா நாலு அடி நீளம், எட்டு அங்குல அகலம். 10-க்கு 11 அடி ரூம்ல 15 வரிசை வரும். வரிசைக்கு ஒரு குறுக்கு வெட்டு. சுவரை ஒட்டின கடைசி வரிசைக்கு நீளவாக்குல மூணு வெட்டு. கதவு நிலை கிட்ட ஒண்ணு ரெண்டு. மொத்தம் இருபது சொச்சம். இருபது வெட்டுக்காக ஜிக்ஸா மெஷினும் சர்குலர் ஸாவும் வாங்கினா, அது அடுத்த பத்து வருஷம் லாஃப்ட்லதான் தூங்கும். டைல்ஸ் வெட்டுற சின்ன மெஷின்ல மர பிளேடு மாட்டி வெட்டுறதைச் சிலர் காட்டுவாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. பிளேடு பலகையில மாட்டினா மெஷின் கையை நோக்கி எகிறும். ஒரு விரலோட விலை முன்னாடி நாம போட்ட கணக்கு எல்லாமே தூசி.

கை ரம்பத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கு. சத்தம் குறைவு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெஷின் ஓட்டினா அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல உங்க ஃப்ளாட் நம்பர்தான் டாபிக். ரம்பத்துக்கு யாரும் கேட்க மாட்டாங்க.

செய்முறையை வரிசையா சொல்றேன்.

ரம்பம்: பல்லு நெருக்கமா இருக்கிற புது ரம்பமா வாங்குங்க. லேமினேட் பலகையோட மேல் பூச்சுல அலுமினியம் ஆக்சைடு இருக்கு. உப்புத்தாள்ல இருக்கிற அதே சரக்கு. அதனால ஒரு ரூம் முடியும்போது ரம்பத்தோட கூர்மை கண்டிப்பா போயிடும். வீட்டுல இருக்கிற துருப்பிடிச்ச ரம்பத்துல ஆரம்பிச்சா மூணாவது பலகையிலேயே வெறுத்துடுவீங்க. ஹேக்சா பிளேடு குறுக்கு வெட்டுக்கு ஆகாது, ஃப்ரேம் பலகையில இடிக்கும். நிலையைச் சுத்தி வெட்டுற சின்ன வேலைக்கு மட்டும் வெறும் பிளேடா வச்சுக்கலாம்.

எந்தப் பக்கம் மேல? இங்கதான் நிறைய பேர் வீடியோ பார்த்துக் குழம்புறாங்க. ஜிக்ஸா மெஷின்ல பல்லு மேல்நோக்கி வெட்டும், அதனால அவங்க டிசைன் பக்கத்தைக் கீழ வைக்கிறாங்க. நம்ம ஊர் ரம்பம் தள்ளும்போது கீழ்நோக்கி வெட்டும். அதனால டிசைன் பக்கம் மேல இருக்கணும். ரம்பம் நுழையுற பக்கம் சுத்தமா இருக்கும், வெளிய வர்ற பக்கம்தான் பொரிஞ்சு போகும். இழுத்து வெட்டுற ஜப்பான் ரம்பம் வச்சிருந்தா இதுக்கு நேர் எதிர்.

குறி போடுறது: மூலமட்டம் வச்சு பென்சில் கோடு போடுங்க. கோட்டு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப் மேல திரும்பக் கோடு போடுங்க. கட்டர் கத்தியால அந்தக் கோட்டுல ரெண்டு தடவை அழுத்தி இழுங்க. மேல் பூச்சு அங்கேயே பிரிஞ்சிடும், ரம்பம் போகும்போது சில்லு தெறிக்காது.

வெட்டுறது: ரெண்டு ஸ்டூல் மேல பலகையைப் போட்டு முட்டியால அழுத்திக்கோங்க. முதல் ரெண்டு மூணு இழுப்பு பின்னாடி மட்டும் இழுத்து ஒரு பள்ளம் உண்டாக்குங்க. அப்புறம் ரம்பத்தைச் சாய்வா பிடிச்சு, முழு நீளத்துக்கும் நிதானமா ஓட்டுங்க. அழுத்த வேண்டாம், ரம்பமே போகும். கடைசி ஒரு அங்குலம் வரும்போது வெட்டுற துண்டை இன்னொருத்தர் தாங்கிப் பிடிக்கணும். இல்லைன்னா ஓரம் பிய்ஞ்சிடும். ஒரு குறுக்கு வெட்டு சில நிமிஷ வேலை.

கடைசி வரிசை: நாலு அடி நீளவாக்குல கையால வெட்டுறது கொஞ்சம் கை வலிக்கிற வேலை. அங்க வீம்பு வேண்டாம். அளந்து கோடு போட்டு, அந்த மூணு பலகையை மட்டும் பக்கத்து ஆசாரி பட்டறையில கொடுத்து வெட்டி வாங்குங்க. அந்தக் கூலியை பேரம் பேசாம கொடுங்க.

ஓரம்: வெட்டின பக்கம் எப்பவும் சுவரைப் பார்த்து இருக்கணும். லாக் இருக்கிற பக்கம் அடுத்த பலகையைப் பார்க்கணும். இந்த ஒரு விதியை மனசுல வச்சுக்கிட்டா பலகையைத் தப்பா வெட்ட மாட்டீங்க. சுவருக்கும் பலகைக்கும் நடுவுல சுத்தி வர 10 மி.மீ. இடைவெளி விடணும். நம்ம ஊர் ஈரப்பதத்துல பலகை விரியும். இடம் இல்லைன்னா நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிக்கும். அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைச்சிடும், உங்க வெட்டு லேசா கோணலா இருந்தாலும் சேர்த்தே மறைச்சிடும். கத்துக்குட்டிக்கு இதைவிட தாராளமான வேலை கிடையாது.

பெட்டியைப் பிரிக்காம அதே ரூம்ல 48 மணி நேரம் படுக்க வச்சு, அப்புறம் ஆரம்பிங்க. மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கோங்க. பலகையோட உள்பகுதி மரத்தூளை ரெசின் சேர்த்து அழுத்தினது, அந்தத் தூள் நெஞ்சுக்கு நல்லதில்ல.

ஒரு பலகை கெட்டுப்போனா? அதிகபட்ச நஷ்டம் முன்னூறு சொச்சம். அதுக்குத்தான் பத்து சதவீதம் கூடுதலா வாங்குறது. நஷ்டத்துக்கு உச்சவரம்பு இவ்வளவு தெளிவா தெரியுற இன்னொரு முதலீட்டை எனக்குக் காட்டுங்க பார்க்கலாம்.

எங்க இதைப் போடவே கூடாது

இதுவரை சொன்னதைவிட இந்தப் பகுதி முக்கியம். தாம்பரத்துல இருக்கிறவங்க கண்டிப்பா படிங்க.

லேமினேட் பலகையோட உள்பகுதி தண்ணியைக் குடிச்சா ஊதும். காய்ஞ்சாலும் பழைய நிலைமைக்குத் திரும்பாது. தூக்கித்தான் போடணும்.

2015 டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை பதிவாச்சு. அடையாத்துக் கரையில முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு அந்தப் பக்கம் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ திரும்ப முடிச்சூர், வரதராஜபுரம், பள்ளிக்கரணை, வேளச்சேரி. எட்டு வருஷத்துல ரெண்டு தடவை. இந்த மாதிரி இடத்துல கிரவுண்ட் ஃப்ளோர்ல லேமினேட் போட்டு, அதுக்கு 24 மாச லோனும் எடுத்தா என்ன ஆகும்? ஐப்பசி அடைமழையில ஒரு நாள் தண்ணி உள்ள வந்தா தரை குப்பைக்குப் போயிடும். இ.எம்.ஐ. மட்டும் ஒழுங்கா அஞ்சாம் தேதி போகும். இல்லாத தரைக்கு வட்டி கட்டுறது மாதிரி கொடுமை வேற இல்ல.

அதனால கிரவுண்ட் ஃப்ளோரா இருந்து, உங்க தெருவுல எப்பவாவது தண்ணி நின்னிருந்தா, லேமினேட்டை மறந்துடுங்க. பழைய மொசைக்குக்கு மெஷின் பாலிஷ் போடுங்க. மொசைக் நாலு வெள்ளத்தைப் பார்த்தாலும் கழுவிவிட்டா திரும்ப மொசைக்தான். புது லுக் வேணும்னே இருந்தா, ஊதாத எஸ்.பி.சி. பலகை இருக்கு. அதை வெட்டுறதுக்கு ரம்பம்கூட வேண்டாம். கத்தியால கோடு போட்டு மடிச்சா உடையும்.

மேல் மாடிக்காரங்களும் மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, 8 மி.மீ. பலகை, 2 மி.மீ. ஃபோம், மொத்தம் 10 மி.மீ. தரை உயரும். ரூம் கதவோட அடியில அந்த இடைவெளி இருக்கா? இல்லைன்னா கதவைக் கழட்டி இழைக்கணும், அது தனிச் செலவு. ரெண்டு, அட்டாச்டு பாத்ரூம் வாசல். அங்க தண்ணி வெளிய வர்ற வீடா இருந்தா அந்த ரூமைத் தொடாதீங்க. மூணு, நம்ம வீட்டுப் பழக்கம். பொங்கலுக்கு முன்னாடி வாளி வாளியா ஊத்திக் கழுவுற வீடு நம்ம வீடு. லேமினேட்ல அது நடக்காது. பிழிஞ்ச துணியால துடைக்கத்தான் முடியும். அம்மாகிட்டயும், வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் இதைப் பேசி முடிவு பண்ணிட்டு கடைக்குப் போங்க.

வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இது மிதக்கிற தரை, கீழ ஒட்டுறதில்ல, காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம்னு கடையில சொல்வாங்க. பாதி உண்மை. முழுப் பலகை அடுத்த வீட்டுக்கு வரும். வெட்டின பலகை அந்த ரூமுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒவ்வொரு வெட்டும் திரும்பி வராத செலவு. ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்காம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. அட்வான்ஸ்ல கழிப்பாங்க.

"ஹவுஸிங் டாப்-அப் லோன்னா வரி மிச்சமாகுமே?"

இதையும் கேட்பீங்கன்னு தெரியும். புது ரெஜிம்ல நீங்க குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்கு எந்தக் கழிவும் கிடையாது. பழைய ரெஜிம்ல இருந்தாலும், பழுதுபார்ப்பு, புதுப்பிப்புக்காக வாங்குற கடனுக்கு வட்டிக் கழிவு வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைக்கும்தான். அதுவும் வீட்டுக் கடன் வட்டிக்கான மொத்த 2 லட்சம் வரம்புக்குள்ளேயே அடங்கும். ஹோம் லோன் வட்டியே 2 லட்சத்தைத் தாண்டுற உங்களுக்கு இதுல ஒரு ரூபாய் பிரயோஜனம் இல்ல. அசலுக்கு 80சி-யும் கிடைக்காது. அது வீடு வாங்குறதுக்கும் கட்டுறதுக்கும் மட்டும்தான், புதுப்பிக்கிறதுக்கு இல்ல. வரி மிச்சம்னு யாராவது சொல்லி இந்த லோனை வித்தா, இந்தப் பத்தியை அவங்களுக்கு அனுப்புங்க.

ஆசாரியை ஒழிக்கச் சொல்றேனா?

இல்ல. ஹால், பாதை, ரெண்டு மூணு ரூம் சேர்ற இடம்னு வந்தா அனுபவக் கை வேணும். அங்க கூலியைக் குறைக்காதீங்க. நீங்களே இருபது வெட்டு வெட்டிப் பார்த்த பிறகு சதுர அடிக்கு 25 ரூபாய் ஜாஸ்தின்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. அது மட்டும் இல்லாம, பலகை எத்தனை பெட்டி வேணும், வேஸ்டேஜ் எவ்வளவு நியாயம், இடைவெளி விட்டிருக்காங்களா, அடியில ஷீட் போட்டாங்களான்னு கேட்கத் தெரியும். ஒரு ரூம் தானே செஞ்சவருக்கு கொட்டேஷன் படிக்கத் தெரியும். சம்பளக்காரருக்கு அது வாழ்நாள் முழுக்க உதவுற திறமை.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஒரு வேலையை சின்னதா ஆரம்பிக்க வழி இருக்கும்போது, பெரிசா ஆரம்பிக்கிறதுக்காகக் கடன் வாங்காதீங்க. தரைக்கு மட்டும் இல்ல, மாடுலர் கிச்சனுக்கும், வார்ட்ரோபுக்கும், சோலார் பேனலுக்கும் இதே கேள்வியைக் கேளுங்க: "இதுல ஒரு பகுதியை மட்டும் கைக்காசுல இப்போ செய்ய முடியுமா?"

இந்த வாரம் லோன் ஆப் எதையும் திறக்காதீங்க. ஒரு டேப், ஒரு பேப்பர் எடுங்க. சின்ன பெட்ரூமோட நீளம், அகலம், கதவு அடியில இருக்கிற இடைவெளி, இந்த மூணையும் எழுதுங்க. கொட்டேஷனை மெட்டீரியல் தனி, கூலி தனின்னு பிரிச்சுக் கேளுங்க. லோன் எடுத்தா வர்ற மொத்த வட்டியை அதுக்குப் பக்கத்துல எழுதுங்க. கூலியைவிட வட்டி அதிகமா இருந்தா, மேற்கு தாம்பரம் சண்முகம் ரோட்டுப் பக்கம் போகும்போது ஒரு ஹார்டுவேர் கடையில நின்னு கேளுங்க: "அண்ணே, நெருக்கப் பல்லு ரம்பம் ஒண்ணு கொடுங்க."